12 சதவீதம்னு சொன்னோம், உண்மையில பூஜ்யம்

முதல்ல ஒரு ஒப்புதல். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் முதல் ரிவ்யூல, "எங்கள் அடுப்பு அதே விறகில் 12 சதவீதம் அதிகத் தண்ணீரை ஆவியாக்குகிறது"ன்னு ஸ்லைடு போட்டுக் கைதட்டு வாங்கினோம். அந்த 12 சதவீதம் பொய். வேணும்னு சொன்ன பொய் இல்லை, அளக்கத் தெரியாததால் வந்த பொய்.

மாமல்லபுரம் டு கல்பாக்கம் ஈ.சி.ஆர். ஓரம் பதநீர் குடிக்காதவங்க நம்ம காலேஜ்ல கம்மி. அதைக் காய்ச்சி வத்த வெச்சாதான் கருப்பட்டி. பதநீரில் சர்க்கரை சுமார் 12 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் தண்ணீர். ஒரு கிலோ தண்ணியை ஆவியாக்க சுமார் 2257 கிலோஜூல் வேணும். விறகெல்லாம் போறது அதுக்குத்தான். சரி, விறகு மிச்சமாகிற அடுப்பு செய்வோம்னு கிளம்பினோம்.

முதல் டெஸ்ட் வெறும் தண்ணியில். பழைய அடுப்பு, 20 லிட்டர், 8 கிலோ விறகு. காலேஜ் பஸ்ஸுக்கு நேரமாச்சு, கொதிக்கக் கொதிக்க கோடு போட்ட குச்சியை விட்டு அளந்தோம்: மிச்சம் 15 லிட்டர். மறுநாள் எங்க அடுப்பு, அதே அளவு விறகு. மூடி வெச்சுட்டுப் போய், காலையில் அளந்தோம்: 14.4 லிட்டர். பழசு 5 லிட்டர், புதுசு 5.6 லிட்டர். 12 சதவீதம்! ட்ரீட் வேற வெச்சோம்.

பதநீர் விக்கிற ஒரு அக்காகிட்ட பெருமையா சொன்னேன். அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு: "ரெண்டு தடவையும் ஆற வெச்சா தம்பி அளந்தீங்க?"

100 டிகிரியில் இருக்கிற தண்ணி, அறை வெப்பத்துக்கு ஆறினா கிட்டத்தட்ட 4 சதவீதம் சுருங்கும். முதல் நாளோட 15 லிட்டர் ஆறியிருந்தா 14.4 தான். அதாவது ரெண்டு அடுப்பும் ஒண்ணுதான். பத்தாம் வகுப்புல படிச்ச வெப்ப விரிவு எங்க நாலு பேருக்கும் தோணலை.

வெளிநாட்டுல மால்ட் எக்ஸ்ட்ராக்ட் வாங்கி வீட்டிலேயே பியர் காய்ச்சுறவங்க இந்த 4 சதவீதத்தைக் கழிச்சுத்தான் கணக்கு எழுதுவாங்க. (நம்ம ஊர்ல 1937 மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். நமக்கு வேண்டியது கணக்கு மட்டும்.) இன்னொண்ணும் அவங்ககிட்ட இருந்து எடுத்துக்கலாம்: ஆவியாகிற வேகத்தை "மணிக்கு இத்தனை சதவீதம்"னு சொல்லக் கூடாது, "மணிக்கு இத்தனை லிட்டர்"னு சொல்லணும். ஏன்னா அதைத் தீர்மானிக்கிறது தீயும் பாத்திரத்தோட வாயும்தான். உள்ளே 10 லிட்டர் இருக்கா 20 லிட்டர் இருக்காங்கிறது பெருசா மாத்தாது.

என் கருத்து இதுதான். ப்ராஜெக்ட்னாலே சென்சார், ஆப், டாஷ்போர்டுன்னு ஓடுறோம். அதுக்கு முன்னாடி ஒரு தராசு வாங்குங்க. எடை சூட்டுல மாறாது. பாத்திரத்தோட தூக்கி வெச்சா போதும். குச்சிதான் இருக்குன்னா ரெண்டு தடவையும் ஒரே சூட்டுல அளங்க, அந்தச் சூட்டையும் பக்கத்துல எழுதுங்க.

அடுத்த ரிவ்யூல 12-ஐ அடிச்சுட்டு 0 போடப் போறோம். மார்க் குறையலாம். ஆனா அந்த ஸ்லைடை நம்பி யாராவது இருக்கிற அடுப்பை இடிச்சிருந்தா, நஷ்டம் எங்களுக்கு இல்லை, அந்த அக்காவுக்குத்தான்.