சாணி தானாக எருவாகிவிடாது

தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளியைச் சுற்றியுள்ள கொட்டாய்களில் மாட்டுத் தொழுவத்தின் சுத்தம் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “சாணியில என்னங்க அசுத்தம்? சாணி தெளிச்சாத்தானே வாசலே சுத்தம்.” தலைமுறை தலைமுறையாக மாட்டோடு வாழ்ந்தவர்களின் நம்பிக்கை அது. அதையே மேடைகளிலும் கைப்பேசிக் காணொளிகளிலும் இன்னும் பெரிதாக்கிச் சொல்கிறார்கள். சாணம் கிருமிநாசினி, கோமியம் மருந்து, குப்பைமேட்டில் கொட்டினால் தானாக எருவாகிவிடும், கழிவு மேலாண்மை எல்லாம் நூற்றுக்கணக்கில் மாடு கட்டும் பெரும்பண்ணைக்காரர்களின் கவலை என்கிறார்கள். இந்த வாதத்தைத் துண்டு துண்டாக எடுத்துப் பார்த்துத்தான் ஆகவேண்டும். இதை நம்பி இழப்பவர்கள் மூன்று நான்கு மாடு வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பங்கள்.

முதலில் கிருமிநாசினி என்ற பேச்சு. சாணம் குடலிலிருந்து வருவது. குடலில் வாழும் ஈ.கோலை அதில் இருக்கும், சால்மோனெல்லா இருக்கலாம், ரண ஜன்னியை உண்டாக்கும் கிளாஸ்டிரிடியம் டெட்டானியின் வித்துகளும் இருக்கலாம். அந்த வித்துகள் வெயிலுக்கும் வறட்சிக்கும் அசையாமல் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பிறந்த குழந்தையின் தொப்புளில் சாணமோ சாணச் சாம்பலோ வைக்கும் வழக்கம் இந்தியாவின் பல பகுதிகளில் இருந்தது. அப்படி வைத்ததால் ரண ஜன்னி கண்டு முதல் மாதத்திலேயே குழந்தைகள் இறந்தார்கள். கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி, மருத்துவமனைப் பிரசவம், தொப்புள்கொடியைச் சுத்தமாக வைத்திருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அந்த நோயை அடக்கின. தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் ரண ஜன்னி இந்தியாவில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது 2015ஆம் ஆண்டில்தான். சாணம் கிருமியைக் கொன்றிருந்தால் அத்தனை உழைப்பு தேவைப்பட்டிருக்காது.

கோமியத்தின் கதையும் இதுவே. பரேலியில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் நலமாக இருந்த மாடுகளின் புதுக் கோமியத்தைச் சோதித்து, அதில் ஈ.கோலை உட்பட தீங்கு செய்யக்கூடிய பாக்டீரியாக்கள் பல இருப்பதாக 2023இல் தெரிவித்தார்கள். எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ் பெயரால் எலியோடு ஒட்டிக்கொண்டிருந்தாலும், தொற்று கண்ட மாட்டின் மூத்திரத்திலும் அந்தக் கிருமி வெளியேறும். வெறுங்காலோடு ஈரத் தொழுவத்தில் நிற்பவரின் கால் வெடிப்பு வழியாக அது உள்ளே போக முடியும்.

அப்படியானால் பாட்டி காலத்தில் சாணி மெழுகிய வீடெல்லாம் நோய்க்கிடங்கா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மண் தரையில் கரைத்து மெழுகிய சாணம் மெல்லிய படலமாகப் பரவி, சில மணி நேரத்தில் வெயிலிலும் காற்றிலும் காய்ந்துவிடும். புழுதி அடங்கும், தரை இறுகும். அந்தப் பயன் உண்மை. கிருமிகளில் பலவற்றைக் குறைத்தது அப்படிக் காய்ந்ததுதான், சாணம் அல்ல. தொழுவத்தின் பின்புறம் முழங்கால் உயரத்துக்கு ஈரமாகக் குவிந்து கிடக்கும் சாணத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஈ முட்டையிடும். கோடையில் முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக மாற ஏழு முதல் பத்து நாள் போதும். அந்தக் குவியலை வாரத்துக்கு ஒருமுறை கூடக் கிளறாத வீட்டில் ஈ ஒழியவே ஒழியாது.

அதைவிட முக்கியமாக, பாட்டி காலத்து மாடும் இன்றைய மாடும் ஒன்றல்ல. தர்மபுரிப் பக்கத்து ஆலம்பாடி மாடு காட்டிலும் கரட்டிலும் மேய்ந்த மாடு. பகலெல்லாம் அது போட்ட சாணம் நிலமெங்கும் சிதறிவிழுந்தது. சாணி வண்டு உருட்டிக்கொண்டு போய் மண்ணுக்குள் புதைத்தது. இன்று கட்டுத்தறியில் நிற்பவை ஜெர்சிக் கலப்பும் ஹோல்ஸ்டீன் கலப்பும். அவற்றுக்கு நேப்பியர் தீவனமும் தவிடும் புண்ணாக்கும் வாய்க்கே வருகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் பால்பண்ணைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டியின் கணக்கில், 400 கிலோ எடையுள்ள ஒரு மாடு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ சாணமும் ஏறக்குறைய அதே அளவு லிட்டர் மூத்திரமும் கழிக்கிறது. நான்கு மாடென்றால் ஆண்டுக்கு 22 முதல் 29 டன் சாணம். அத்தனையும் ஒரே சென்ட் நிலத்தில் விழுகிறது. போதாததற்கு அதில் மருந்தும் கலந்திருக்கிறது. குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் போடும் ஐவர்மெக்டின் சாணத்தோடு வெளியேறி, அதை மட்கவைக்கும் சாணி வண்டின் புழுக்களையே கொல்லும். இயற்கை பார்த்துக்கொள்ளும் என்கிறோம். பார்த்துக்கொண்டிருந்த வண்டுக்கு ஊசி போட்டது நாம்தான்.

கறவை நேரத்தில் தொழுவத்தைக் கவனித்தால் இன்னொரு இழப்பு கண்ணில் படும். பால் கறந்து முடித்ததும் காம்பின் துளை உடனே மூடிக்கொள்வதில்லை, அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை திறந்திருக்கும். கறந்த களைப்பில் மாடு அப்படியே படுத்தால் மடி நேராகச் சாணச் சேற்றில் பதிகிறது. திறந்த துளை வழியே ஈ.கோலையும் ஸ்டிரெப்டோகாக்கஸ் யூபெரிஸும் ஏறுகின்றன. மறுநாள் மடி கல்லாகிக் கிடக்கும், பாலில் திரி திரியாக வரும். மடிநோய் வந்த காம்பு சில நேரங்களில் முழுதாகச் செத்துப்போகும். ஊசி போட்டால் அந்த மருந்துக்குரிய நாட்கள் வரை பாலை ஊற்றக்கூடாது. விவரம் தெரிந்த பெண்கள் இதற்கு ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள்: கறந்தவுடன் பசுந்தீவனத்தை முன்னால் போட்டுவிடுவார்கள். தின்றுகொண்டே மாடு நிற்கும், அதற்குள் துளை மூடிக்கொள்ளும். காசு செலவில்லாத வேலை. ஆனால் நிற்கிற இடத்தில் சாணம் வாரப்பட்டு, மூத்திரம் ஓட வாட்டம் இருந்தால்தான் அந்தப் பழக்கமும் முழுப்பலன் தரும்.

இளங்கொடியையும் இங்கே சொல்லியாக வேண்டும். கன்று ஈன்றதும் விழும் இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. நாயும் காக்கையும் மாடும் தொடாத உயரத்துக்குப் போய்விடுகிறது என்ற அளவில் அதில் ஒரு நல்லது உண்டு. பல வீடுகளில் இப்போது அதுவும் நடப்பதில்லை. இளங்கொடி சாணக் குவியலில் எறியப்படுகிறது. கன்று வீச்சு நோயான புரூசெல்லோசிஸ் கண்ட மாட்டின் இளங்கொடியிலும் பனிக்குட நீரிலும் அந்தக் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். வெறுங்கையால் எடுப்பவருக்கும் தொற்றும். மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் என்னவென்று தெரியாமலேயே அலைய வேண்டியிருக்கும். 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் 4 முதல் 8 மாதக் கிடாரிக் கன்றுகளுக்கு இதற்கான ஊசி உண்டு. ஊசியோடு, ஆழக் குழி தோண்டி சுண்ணாம்பு போட்டு இளங்கொடியைப் புதைப்பதும் வேண்டும்.

அடுத்த வாதம்: மழை வந்தால் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். போகும், எங்கே போகும் என்பதுதான் கேள்வி. கனடாவில் வாக்கர்ட்டன் என்று ஒரு சிற்றூர், ஐயாயிரம் பேர் அளவில் மக்கள்தொகை. 2000 மே மாதத்தில் பெய்த கனமழை, ஊர்க் கிணறு ஒன்றின் அருகிலிருந்த பண்ணையில் போட்டிருந்த மாட்டெருவின் கிருமியை அந்த ஆழமில்லாத கிணற்றுக்குள் கொண்டு சேர்த்தது. குளோரின் போடுவதிலும் சோதனை செய்வதிலும் ஊழியர்கள் தவறினார்கள். ஈ.கோலை ஓ157 வகையும் கேம்பைலோபேக்டரும் தாக்கி, 2,000 பேருக்கும் மேல் நோயுற்றார்கள், 7 பேர் இறந்தார்கள். விசாரணை நடத்திய நீதிபதி, அந்தப் பண்ணைக்காரர் முறைப்படிதான் எருப் போட்டார், அவர் மீது குற்றமில்லை என்றார். முறைப்படி போட்ட எருவே கிணற்றை எட்டியிருக்கிறது.

நம் பகுதி கடினப் பாறை நிலம். மேல்மண் மெல்லியது, கீழே பாறை வெடிப்புகள். மண்ணில் ஊறி வடிகட்டப்பட வேண்டிய நீர், வெடிப்பு கிடைத்தால் நேராகப் போர்க்குழாய்க்கு இறங்கிவிடும். புளோரைடு பிரச்சினைக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் ஊருக்குள் வந்தது. தோட்டத்துக் கொட்டாயில் இருப்பவர்கள் பலர் குடிக்கவும் மாட்டுக்கு வைக்கவும் இன்றும் போர்த் தண்ணீரையே நம்பியிருக்கிறார்கள். அந்தப் போர் பல இடங்களில் தொழுவத்துக்குச் சில அடி தள்ளித்தான் இருக்கிறது, வசதிக்காக. கிருமியாவது கொதிக்கவைத்தால் சாகும். சாணத்திலும் மூத்திரத்திலும் இருந்து இறங்கும் நைட்ரேட்டு கொதிக்கவைத்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போனால் முதலில் பாதிக்கப்படுவது, அந்தத் தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தை.

இனி, கொட்டினால் தானாக எருவாகும் என்ற நம்பிக்கை. மட்குவது உண்மை, என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதி மூத்திரத்தில்தான் போகிறது. அது சாக்கடையில் ஓடிவிட்டால் பாதி எரு அன்றே போயிற்று. திறந்த குவியலில் மீதியில் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போகும், இன்னொரு பங்கு மழையில் கரையும். ஆறு மாதம் கழித்து டிராக்டரில் அள்ளும்போது மேலே வெயிலில் வெளுத்த பொடி, உள்ளே மட்காத பச்சைச் சாணம், நடுவே களைவிதை. வயலில் களை பெருகியதற்குக் களைக்கொல்லி வாங்குவார்கள். குவியலுக்குள் விரல் பருமனில் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுவைப் பார்த்திருப்பீர்கள். அது காண்டாமிருக வண்டின் புழு. தென்னங்குருத்தைக் குடைந்து, விரியும் மட்டையைக் கத்தரித்தது போல் வெட்டும் வண்டை வளர்த்துவிடுவது நம் குப்பைமேடுதான். பச்சை மஸ்கார்டின் பூஞ்சையான மெட்டாரைசியத்தை எருக்குழியில் கலக்கச் சொல்வது இதற்காகவே. எருவாவதாக நினைத்த குவியல் தென்னையைத் தின்கிறது.

சரியான முறை நம் நாட்டிலேயே வகுக்கப்பட்டது. பெங்களூரில் சி.என்.ஆச்சாரியா வகுத்த குழி முறையில் 6 முதல் 7.5 மீட்டர் நீளம், 1.5 முதல் 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழத்தில் குழி எடுப்பார்கள். தொழுவத்தில் பரப்பிய வைக்கோல் கழிவும் சருகும் மூத்திரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதைச் சாணத்தோடு சேர்த்துக் குழியின் ஒரு முனையில் இருந்து நிரப்பிக்கொண்டே வரவேண்டும். ஒரு பகுதி தரைக்கு மேல் ஒன்றரை முதல் இரண்டு அடி எழுந்ததும் கூம்பாக்கி, சாணமும் மண்ணும் குழைத்து மெழுகிவிட வேண்டும். நான்கைந்து மாதத்தில் எரு. சாணி மெழுகுவதன் அருமை பாட்டிக்குத் தெரிந்ததுபோல் ஆச்சாரியாவுக்கும் தெரிந்திருக்கிறது. நோய்க்கிருமியும் களைவிதையும் சாக வேண்டுமானால் காற்றோட்டமாகக் குவித்துக் கிளறும் முறை இன்னும் நல்லது. குவியலின் உள்ளே வெப்பம் 55 டிகிரியைத் தாண்டி மூன்று நாளாவது நிற்க வேண்டும்.

இதைச் செய்யாமல் பச்சைச் சாணத்தைத் தக்காளிக்கும் கொத்தமல்லிக்கும் கீரைக்கும் போடுவது இந்தப் பக்கம் சாதாரணம். பாலக்கோடு சந்தைக்கு வரும் தக்காளி எந்தெந்த ஊருக்கோ போகிறது. மண்ணைத் தொடும் விளைச்சலென்றால் பச்சைச் சாணம் போட்ட நாளிலிருந்து அறுவடைக்கு 120 நாள், தொடாததென்றால் 90 நாள் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்காவின் இயற்கை வேளாண் சான்றிதழ் விதி. ரசாயனத்தை விலக்கியவர்களுக்கே உள்ள கட்டுப்பாடு இது. முப்பது நாளில் பிடுங்கும் கீரைக்குப் பச்சைச் சாணம் எந்தக் கணக்கிலும் சேராது.

சிறு விவசாயிக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்விக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. பெரும்பண்ணைக்காரர் தொழுவத்திலிருந்து விலகி வீடு கட்டியிருப்பார். சிறு விவசாயியின் குழந்தை தொழுவத்துக்குப் பத்தடி தள்ளித் தவழ்கிறது.

கடைசியாக, கோபர் கேஸ் தோற்றுப்போன திட்டம் என்ற வாதம். 1981-82இல் தேசியத் திட்டமாக வந்து ஊரூராய்க் கட்டப்பட்ட கலன்களில் பல கிடப்பில் போயின, மறுக்கவில்லை. இரும்புத் தொட்டி துருப்பிடித்தது, குழாய் அடைத்தது, பழுது பார்க்கக் கொத்தனார் இல்லை, சில வீடுகளில் மாடே விற்கப்பட்டது. செங்கல் கூரை வைத்த தீனபந்து மாதிரி 1984இல் வந்து துருப் பிரச்சினையைத் தீர்த்தது. இரண்டு கனமீட்டர் கலனுக்கு நாளொன்றுக்கு 50 கிலோ சாணம் போதும். நான்கு கலப்பின மாடு இருக்கும் வீட்டில் அது மிச்சமாகவே கிடைக்கும். தோற்றது பராமரிப்பு. குஜராத்தின் ஆனந்த் மாவட்டத்தில் ஜகரியாபுரா என்ற ஊரில் தேசியப் பால்வள வாரியத்தின் உதவியோடு வீட்டுக்கு வீடு சாண எரிவாயுக் கலன் வைத்திருக்கிறார்கள். எரிவாயுவில் சமைக்கிறார்கள்; வெளிவரும் சாணக்கரைசலில் தம் வயலுக்கு விட்டது போக மிஞ்சியதைப் பெண்களின் கூட்டுறவுச் சங்கம் விலைக்கு வாங்குகிறது. அதிலிருந்து எரு தயாராகிறது. அங்கே கலன் கிடப்பில் போனால் மாதக் கணக்கில் பணம் குறையும், அதனால் பார்த்துக்கொள்கிறார்கள்.

மாரண்டஹள்ளிப் பக்கத்தில் பால் சொசைட்டி இருக்கிறது, காலையும் மாலையும் அளந்து கணக்கு எழுதும் பழக்கம் இருக்கிறது, எரு வாங்கத் தக்காளித் தோட்டக்காரர்களும் தென்னந்தோப்புக்காரர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சொசைட்டியின் அதே பாஸ்புத்தகத்தில் சாணக்கரைசலுக்கு ஒரு பத்தி சேர்ப்பதும், கலனைப் பழுதுபார்க்க ஊருக்கு ஒரு கொத்தனாரைப் பழக்குவதும், தொழுவத்துக்கு வாட்டமும் வடிகாலும் போடச் சிறு கடன் தருவதும் அடுத்த பொதுக்குழுவிலேயே தீர்மானமாகக் கொண்டுவரக்கூடிய காரியங்கள்.