சூளையில் வெந்த முருகைக்கல்

2004 டிசம்பர் 26 ஆம் திகதி பெரலியவில் ரயிலைப் புரட்டிப் போட்ட ஆழிப்பேரலை பத்து மீற்றர் வரை உயர்ந்து, ஒன்றரைக் கிலோமீற்றர் ஊருக்குள் புகுந்தது. அங்கிருந்து சில கிலோமீற்றர் தெற்கே, ஹிக்கடுவையில் அதே அலை இரண்டு மூன்று மீற்றருடன் அடங்கியது. ஹிக்கடுவையில் முருகைக்கற்பாறை எஞ்சியிருந்தது. பெரலியக் கரையில் அது சுண்ணாம்புச் சூளைகளுக்காகத் தோண்டப்பட்டிருந்தது. இவ்வேறுபாட்டுக்கு அதுவே காரணம் என்று 2005 இல் ஆய்வாளர்கள் எழுதினர்.

கல் தோண்டியவர்களை மட்டும் குற்றவாளிகளாக்குவது எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சுண்ணாம்பு நம் வீட்டுச் சுவர்களுக்குத்தானே போனது? 1988 இல் சட்டம் திருத்தப்பட்டு முருகைக்கல் அகழ்வு தடைசெய்யப்பட்டது. ஆனால் மாற்றுத் தொழிலாக விவசாயம் காட்டப்பட்ட குடும்பங்கள் சில மீண்டும் கடலுக்கே திரும்பின. கடலை நம்பிப் பிறந்தவனிடம் மண்வெட்டியைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

சிங்கராஜ வனத்தில் ஒட்டுப்பலகைக்காக மரந்தறிப்பதை 1977 இல் அரசாங்கம் நிறுத்தியது. 1988 இல் அது உலக மரபுரிமையானது. இன்று அயற்கிராமத்து இளைஞர்களே அங்கு வழிகாட்டிகள். காடு நின்றால்தான் அவர்களுக்கு வருமானம்.

ஹிக்கடுவையில் கண்ணாடிப் படகோட்டிகளும் மீனவர்களும் இருக்கிறார்கள். பூங்காவின் நுழைவுக் கட்டணத்தில் அவர்களுக்கு ஒரு பங்கும், எந்தப் பகுதியை எப்போது மூடுவது என்பதில் ஒரு வாக்கும் சட்டப்படி வழங்கப்பட வேண்டும்.