பரணில் கிடக்கும் பாலிசிகள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஸ்டிரிங்ஃபெல்லோ குழிகளில் 1956 முதல் 1972 வரை 3 கோடி காலனுக்கும் அதிகமான ரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. நஞ்சு நிலத்தடி நீரில் இறங்கியது. அந்த இடத்தைத் தேர்ந்துகொடுத்த மாநில அரசின் தலையிலேயே பொறுப்பு விழுந்தது. அரசு தன் பழைய பொறுப்புக் காப்பீட்டு பாலிசிகளை எடுத்து நீட்டியது. சேதம் நீடித்த ஆண்டுகளின் பாலிசி வரம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக் கேட்கலாம் என்று 2012-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியாயமான தீர்ப்பு. ஆண்டுதோறும் பிரீமியம் வாங்கியவர்கள் இருக்க, வரி கட்டும் மக்கள் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

1986 முதல் அங்கே பொதுப் பொறுப்பு பாலிசிகள் மாசுபாட்டை ஏறக்குறைய முழுதாகவே விலக்கிவிட்டன. அதற்கு முந்தையவற்றில்தான் வழி இருக்கிறது. சேதம் எப்போது நிகழ்ந்தது என்பதே அவற்றில் கணக்கு. கோரிக்கை பல ஆண்டு கழித்தும் வரலாம். பாலிசியே தொலைந்திருந்தாலும் காசோலையின் அடிக்கட்டை, பேரேட்டில் பிரீமியம் எழுதிய ஒரு வரி, முகவரின் பழைய கடிதம் ஆகியவை சாட்சி சொல்லும். அங்குள்ள ஆலைகளும் நகராட்சிகளும் அந்த மஞ்சளேறிய கோப்புகளை எடைக்குப் போட்டுவிடக் கூடாது.