எல்லா முட்டையும் ஒரே கூடையிலா?

2024 ஜூலை 19ந் தேதி என்ன நடந்தது? உலகெங்கும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையைக் காட்டிவிட்டு நின்றுவிட்டன. விமானங்கள் ரத்தாயின. ஆஸ்பத்திரிகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. நமது நாட்டு விமான நிலையங்களில் சிப்பந்திகள் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தனர்.

எந்த எதிரியும் தாக்கவில்லை. கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கக் கம்பெனி தனது பாதுகாப்பு சாப்ட்வேருக்குப் பிழையான கோப்பு ஒன்றை அனுப்பியது. அவ்வளவுதான்! மைக்ரோசாப்டின் விண்டோஸ் இயங்குதளத்தில் ஓடிய யந்திரங்கள் விழுந்தன. லினக்ஸிலும் மேக்கிலும் ஓடியவை அந்தப் பிழைக்குத் தப்பின.

விண்டோஸ் மட்டம், லினக்ஸ் உயர்த்தி என்று சொல்ல வரவில்லை. பிழை எந்தத் தளத்திலும் வரும். நாளைக்கே எல்லோரும் லினக்ஸுக்கு மாறினாலும், எல்லாம் ஒன்றே என்றால் ஆபத்தும் அதேதான். 1845ல் அயர்லாந்தின் ஏழை விவசாயிகள் பெரும்பாலும் ஒரே ரக உருளைக்கிழங்கை நம்பியிருந்தார்கள். அந்த ரகத்தை நோய் தாக்கியது. தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மடிந்தனர்.

கம்ப்யூட்டர் உலகிலும் இதுதான் நடக்கும் என்று 2003லேயே டான் கீர் முதலிய ஏழு நிபுணர்கள் எச்சரித்து அறிக்கை வெளியிட்டனர். பலன்? கீர் வேலையிழந்தார். அறிக்கை தன் கருத்தல்ல என்றது அவருடைய கம்பெனி. அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர்களில் மைக்ரோசாப்டும் ஒன்று!

"ஒரே தளம் என்றால் பயிற்சி சுலபம், ரிப்பேர் சுலபம்" என்பார்கள். உண்மைதான். அந்த சுலபத்துக்கு விலை கொடுப்பது யார்? அன்று யந்திரம் யந்திரமாக உட்கார்ந்து, கோளாறான கோப்பை அழித்தவர்கள் முதலாளிகளா? கண்விழித்து உழைத்த ஊழியர்கள்!

மாற்று வழி உண்டு. கேரள சர்க்கார் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில்தான் படிக்கிறார்கள். மத்திய சர்க்காரின் ஸி-டாக் ஸ்தாபனம் சென்னையில் 'பாஸ்' என்ற லினக்ஸ் தளத்தை உருவாக்கியுள்ளது.

ஆகவே நமது கோரிக்கை இதுதான்: ரேஷன், ஆஸ்பத்திரி, மின்சாரம், ரயில் ஆகிய துறைகளில் ஒரு தளம் படுத்தால் இன்னொன்று உடனே வேலையைத் தொடர வேண்டும். எந்தத் தளத்திலும் திறக்கக்கூடிய பொது வடிவில் கோப்புகள் இருக்க வேண்டும். ஊழியர்களுக்கு இரண்டிலும் பயிற்சி தர வேண்டும்.

இதற்குச் செலவாகும் என்று சர்க்கார் தயங்கலாம். எங்கோ ஒரு கம்பெனி செய்யும் பிழைக்காக, ரேஷன் கடை வரிசையில் நிற்கும் தாய் வெறும் பையோடு வீடு திரும்ப வேண்டுமா? சர்க்கார் பதில் சொல்லட்டும்!