முகத்தை மாத்தப் போறீங்களா?

போன வாரம் ஒரு காலேஜ் கேன்டீன். ஃபைனல் இயர் பசங்க நாலு பேர். டீ ஆறிப்போச்சு, சண்டை மட்டும் ஆறலை. காலேஜ் நூலகத்தில் ஓடுற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேருக்குப் புது முகம் கொடுக்கறதுதான் பிராஜக்ட். "க்யூட்டிதான்டா கெத்து!" என்கிறான் ஒருத்தன். "ஜிடிகே போதும் மச்சான்" என்கிறான் இன்னொருத்தன். ரிவ்யூவுக்கு இன்னும் எட்டு வாரம்தான்.

"அண்ணா, நீங்களே சொல்லுங்க. எது பெஸ்ட்?"

"நூலகத்துல அந்த கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ற மேடம்கிட்ட கேட்டீங்களா?" என்றேன். நாலு பேரும் டீயைக் குனிந்து பார்த்தார்கள்.

நண்பர்களே, பட்டன், மெனு, ஸ்க்ரோல் பார் எல்லாத்தையும் ரெடிமேடா தர்ற பெட்டிதான் டூல்கிட். எது பெஸ்ட்னு கேட்டா பதில் கிடைக்காது. 'யாருக்கு, எந்த மெஷின்ல?'ன்னு கேட்டாத்தான் கிடைக்கும்.

நெட்வொர்க் லேப்ல வயர்ஷார்க் திறந்து பார்த்திருப்பீங்க. 1998-ல் ஜெரால்டு கோம்ப்ஸ், ஈத்தரியல் என்ற பெயரில் வெளியிட்டது. 2006-ல் பெயர் மாறியது. அதன் பழைய முகம் ஜிடிகே. லினக்ஸில் சமர்த்தாக ஓடியது. மேக்கில்தான் வம்பு. எக்ஸ்11 என்ற இன்னொரு சாஃப்ட்வேர் துணைக்கு வேணும். 2012-ல் ஆப்பிள் அதைத் தன் சிஸ்டத்தோடு சேர்த்துத் தர்றதையே நிறுத்திடுச்சு. 2013-ல் வயர்ஷார்க் டீம் க்யூட்டிக்கு மாறுவதாக அறிவித்தது. காரணம் கெத்து இல்லை. விண்டோஸ்லயும் மேக்லயும் உட்கார்ந்திருக்கிற யூசர்!

மாத்தினாங்க சரி, எப்படி? அங்கேதான் பாடம். 2015 நவம்பரில் புது முகத்தோடு 2.0 வந்தது. பழைய முகத்தையும் கூடவே வெச்சிருந்தாங்க. 2019-ல் 3.0 வந்தப்பதான் அதுக்கு டாட்டா. அறிவிப்பிலிருந்து அஞ்சு வருஷத்துக்கு மேல! அதுவும், பாக்கெட்டைப் பிரிச்சுப் படிக்கிற இன்ஜின் தனி, முகம் தனின்னு இருந்ததால் முடிஞ்சது. ஜன்னலே இல்லாமல் கட்டளை வரியில் ஓடுற டீஷார்க்கும் அதே இன்ஜினைத்தான் பயன்படுத்துது.

உங்க பிராஜக்ட்டில் பட்டனை அழுத்தினால் ஓடுற ஃபங்ஷனுக்குள்ளேயே டேட்டாபேஸ் கோடும் இருக்கா? அப்ப டூல்கிட்டை மறந்துட்டு முதல்ல அதைப் பிரிங்க.

இன்னொரு கதை கிம்ப். ஜிடிகே-ல் இருக்கிற 'ஜி'யே முதலில் கிம்ப்பைத்தான் குறித்தது. பெர்க்லியில் படித்த ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் ஆரம்பத்தில் மோட்டிஃப் டூல்கிட்டை வைத்துத்தான் கிம்ப் எழுதினார்கள். அது அப்போது சுதந்திர சாஃப்ட்வேர் இல்லை. அதனால் சொந்தமாக ஒன்று செய்தார்கள். அதுதான் ஜிடிகே. அப்படிப்பட்ட கிம்ப்புக்கே என்ன ஆச்சு தெரியுமா? ஜிடிகே 3 வந்தது 2011-ல். அதில் ஏறிய கிம்ப் 3.0 வந்தது 2025 மார்ச்சில். நடுவுல, 2020-லயே ஜிடிகே 4 வந்தாச்சு! சொந்த வீட்டுப் பிள்ளைக்கே இந்த நிலைமை. டூல்கிட் எடுக்கறது ஒருநாள் ஷாப்பிங் இல்லை மக்கா, குடித்தனம்.

அதனால எடுக்கறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க:

* யூசரோட மெஷின்லயே ஒரு ஜன்னல், ஒரு பட்டன், ஒரு லிஸ்ட் போட்டு ஓட்டுங்க. உங்க லேப்டாப்பில் ஓடறது கணக்கில் வராது.
* லைசென்ஸை முழுசா படிங்க.
* தமிழ்ல 'கொடி'ன்னு அடிச்சுப் பாருங்க. கொம்பு ககரத்துக்கு இடப்பக்கம் வரணும். க்யூட்டி, ஜிடிகே இரண்டும் இதுக்கு ஹார்ஃப்பஸ் என்ற இன்ஜினைப் பயன்படுத்துது. சில குட்டி டூல்கிட்களில் எழுத்துகள் தனித்தனியா சிதறும்.
* மவுஸை ஓரமா வெச்சுட்டு, கீபோர்டு மட்டும் வெச்சு ஒரு வேலையை முடிங்க.

கேன்டீன் பசங்க கதை? ரெண்டு நாள் கழித்து போன். "அண்ணா, மேடம் பக்கத்துல ஒரு இன்டர்வெல் முழுக்க உட்கார்ந்தோம். க்யூ வாசல் வரைக்கும் நிக்குது. ஒரு புத்தகம் கொடுக்க அஞ்சு ஸ்க்ரீன் மாறணும். எழுத்து சின்னது, கண்ணாடியைக் கழட்டி மாட்டிக்கிட்டே இருக்காங்க. மவுஸைத் தொட அவங்களுக்கு நேரமே இல்லை."

"அப்ப எந்த டூல்கிட்?"

"பழசே இருக்கட்டும்ணா. அஞ்சு ஸ்க்ரீனை ஒண்ணாக்கறோம், எழுத்தைப் பெரிசாக்கறோம். எட்டு வாரத்துல முடியற வேலை அதுதான்."

கெத்துன்னா இதுதான் தம்பிகளா!