ஃபோட்டோவைக் கொடுங்கள், விலாசத்தைக் கொடுக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, வீட்டில் யாரையும் எழுப்பாமல் காமிரா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் கோஷ்டியைச் சேர்ந்தவன் நான். டெல்லியில் இந்தக் கோஷ்டி ரொம்பப் பெரிசு. ஓக்லா, சுல்தான்பூர், சாரஸ் கொக்கு பார்க்க தனௌரி, குளிர்காலம் வந்தால் யமுனைப் படித்துறை என்று வாராவாரம் ஒரு பக்கம். வங்கி ஆபீசர், பள்ளிக்கூட வாத்தியார், மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர், பொட்டி தட்டுகிறவர், பல் டாக்டர் என்று எல்லா ரகமும் உண்டு. பாதிப் பேர் என்னைப் போல ஊரைவிட்டு வந்தவர்கள். "அந்த லென்ஸ் வாங்கின காசுக்கு அப்பவே ரெண்டு பவுன் வாங்கியிருக்கலாம், இப்ப தங்கம் விக்கற விலை தெரியுமா?" என்று தங்கமணி அவ்வப்போது கணக்குச் சொல்வாள். பி.காம். படித்தது நான், கணக்கு அவளுடையது!

எடுத்த படத்தை நாலு பேரிடம் காட்டாவிட்டால் இந்தப் பொழுதுபோக்கில் பாதி ருசி இல்லை. ஃபோகஸ் தப்பியிருந்தால் சொல்லுவார்கள். பறவையின் பெயர் தெரியாவிட்டால் சொல்லித் தருவார்கள். நான் கற்றுக்கொண்டது எல்லாமே இப்படித்தான். அதனால் படம் பகிர்வதற்கு நான் விரோதி இல்லை. ஆனால் நல்ல படம் ஒன்று வந்தவுடன் "சூப்பர் ஷாட்" என்பதற்கு அடுத்த வரியிலேயே ஒரு கேள்வி வரும் பாருங்கள், "லொகேஷன் ப்ளீஸ்" என்று. அதைப் பற்றித்தான் இன்றைய புலம்பல்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தைத் தாராளமாகக் கொடுங்கள். கூடு, குஞ்சு, ஆந்தைப் பொந்து இருக்கும் இடத்தை மட்டும் கொடுக்காதீர்கள்.

எங்கள் காலனிக்குப் பின்னால் ஒரு வயசான வேப்பமரம். அதன் பொந்தில் ஒரு ஜோடி புள்ளி ஆந்தை. நம்ம ஊரிலும் உண்டு, உள்ளங்கை உயரத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, முறைத்துப் பார்க்கும். ஒரு மார்ச் மாதம் அதில் குஞ்சு இருந்தது. எங்கள் கோஷ்டியில் ஒருவர் நல்ல படம் ஒன்று எடுத்து, கூகுள் மேப் புள்ளியோடு அனுப்பிவிட்டார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, மற்றவர்களும் பார்க்கட்டுமே என்ற நல்ல மனசுதான். அடுத்த ஞாயிறு காலை மரத்தடியில் பதினைந்து காமிரா. ஆந்தை வெளியே வரவில்லை என்று ஒருத்தர் மரத்தைக் கட்டையால் தட்டுகிறார். இன்னொருத்தர் செல்ஃபோனில் ஆந்தைக் குரலைப் போட்டுக் காட்டுகிறார். வேறு ஆந்தை தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று நினைத்து இது பதறி வெளியே வரும், அதுதான் உத்தி. ராத்திரியில் டார்ச் வேறு. காவலாளி விரட்டினார், யார் கேட்கிறார்கள்? ரெண்டு வாரத்தில் பொந்து காலி. குஞ்சுகள் பறந்து போயினவா, வேறு ஏதாவது ஆயிற்றா, தெரியாது. அடுத்த வருஷம் அந்தப் பொந்தில் கிளி இருந்தது.

இது சும்மா மரியாதைப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. சுடுவது, பிடிப்பது மட்டும் வேட்டை இல்லை. காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அந்த விளக்கத்துக்குள் வருகிறது. துப்பாக்கிக்குப் பதிலாக 150-600 லென்ஸ் வைத்திருப்பதால் நாம் வேட்டைக்காரர் இல்லை என்று நம்மை நாமே தேற்றிக்கொள்கிறோம். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை.

ஆந்தைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வடக்கே ஆந்தை லட்சுமியின் வாகனம். அந்தப் பெருமையே அதற்கு எமன். தீபாவளி சமயத்தில் மாந்திரீகம், பலி என்று ஆந்தையைப் பிடித்து விற்கும் வியாபாரம் நடக்கிறது. டிராஃபிக் என்ற அமைப்பு 2010ல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் பதிவான சுமார் 30 வகை ஆந்தைகளில் 15 வகை இந்தக் கள்ளச் சந்தையில் காணப்பட்டதாக அதில் இருக்கிறது. நீங்கள் பெருமையாக அனுப்பும் மேப் புள்ளி எத்தனை கை மாறும், கடைசியில் யார் கைக்குப் போய்ச் சேரும் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. பனங்காடையின் கதையும் இதேதான். இங்கே அதை நீல்கண்ட் என்பார்கள். தசராவன்று அதைப் பார்த்தால் நல்லது என்று நம்பிக்கை. அதற்காகவே பிடித்துக் கூண்டில் அடைத்து வீடு வீடாகக் காட்டிக் காசு வாங்குகிறார்கள்.

வங்கியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தரும் பாடங்களில் ஒன்று, வாடிக்கையாளரின் விவரத்தை மூன்றாம் மனிதரிடம் சொல்லாதே என்பது. கவுண்டரில் எவ்வளவு நல்ல மனிதர் வந்து "பக்கத்து வீட்டுக்காரர் கணக்கில் எவ்வளவு இருக்கு சார்" என்று கேட்டாலும் வாய் திறக்க மாட்டோம். கேட்பவர் திருடர் என்பதற்காக இல்லை. விவரம் அவருடையதும் இல்லை, நம்முடையதும் இல்லை என்பதற்காக. பொந்தின் விலாசம் ஆந்தையுடைய விவரம். அதனிடம் போய்க் கையெழுத்து வாங்க முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்!

இதற்கு நண்பர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "எல்லாரும் இப்படி மூடி வைத்தால் யாருக்குத்தான் ஆர்வம் வரும்? இடம் தெரிந்ததால்தானே பல ஏரிகள் பிழைத்தன?" நியாயமான கேள்வி. புனே பக்கம் உஜனி அணையின் நீர்ப்பரப்பில் இருக்கும் பிக்வானுக்குப் பூநாரை பார்க்கக் கூட்டம் போகிறது. அங்கே மீனவர்களே படகு ஓட்டி வழிகாட்டுகிறார்கள். ஒடிசாவில் சிலிகா ஏரியின் வடகரையில் மங்கலஜோடி என்ற ஊர். ஒரு காலத்தில் பறவை வேட்டைக்குப் பேர்போன இடம். வேட்டையாடியவர்களே இப்போது பறவை காட்டும் வழிகாட்டிகள். இதில் நாம் எடுத்த படங்களுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை 2023ல் வந்தது. சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் கொடுத்த 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தார்கள். அதில் 178 வகைகளுக்கு உடனடிக் கவனம் தேவை என்று தெரிந்தது. நம்ம பனங்காடை குறைந்துகொண்டே வருகிறது என்பதும் அதில்தான் வெளிப்பட்டது. அந்த 30,000 பேரில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை ஆசாமிகள்தான்.

ஆனால் கவனியுங்கள். ஏரி வேறு, கூடு வேறு. ஆயிரம் பறவை இறங்கும் ஏரிக்குப் பத்துப் படகு போனால் தாங்கும். ஒரு பொந்துக்குப் பதினைந்து காமிரா தாங்காது. பதிவுகளைச் சேகரிக்கும் தளங்களே இந்த வித்தியாசம் பார்க்கின்றன. ஐநேச்சுரலிஸ்டில் அழியும் நிலையில் உள்ள உயிரினத்தைப் பதிந்தால் சரியான இடத்தைத் தானாகவே மறைத்துவிடும். ஈபேர்டிலும் சில பறவைகளின் இடம் பொதுவில் தெரியாது. விஞ்ஞானத்துக்குத் தகவல் போய்ச் சேர்கிறது, கூட்டம் போய்ச் சேர்வதில்லை. அதையே நாமும் செய்யலாமே? பறவை பெயர், மாதம், மாவட்டம் போதும். செல்ஃபோனில் எடுத்தால் காமிரா செட்டிங்கில் போய் லொகேஷனை அணைத்துவிடுங்கள். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் கழன்றுவிடும். தரம் குறையக்கூடாது என்று டாக்குமெண்டாக அனுப்பினால் விலாசமும் கூடவே போகும். இது நிறையப் பேருக்குத் தெரியாது.

யமுனைப் படித்துறை விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தில் சூரியன் சிவப்பாக எழும்ப, படகைச் சுற்றிக் கடற்காகங்கள் நூற்றுக்கணக்கில் பறக்கும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அழகான படம்தான், சந்தேகமில்லை. ஃப்ரேமுக்கு வெளியே என்ன நடக்கிறது தெரியுமா? ஒருவர் பொட்டலம் பொட்டலமாகக் காராசேவை வீசிக்கொண்டிருப்பார். உப்பும் எண்ணெயுமாக. எங்கிருந்தோ மலை தாண்டி வந்த பறவைக்கு நாம் வைக்கும் விருந்து இது. படகுக்காரர் பிழைப்பில் மண் போடச் சொல்லவில்லை. படகுக்குப் பேரம் பேசாமல் கொடுங்கள். சேவ் பொட்டலத்தை மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பறவை கொஞ்சம் தள்ளிப் பறக்கும், படம் கொஞ்சம் சுமாராக வரும். வரட்டுமே, என்ன குடி முழுகிவிடும்?

பறவைக்கே இவ்வளவு என்றால் மனிதருக்கு? எங்கள் கோஷ்டியில் பாதிப் பேர் தெருப்படமும் எடுப்பவர்கள். சாந்தினி சௌக்கில் ரிக்‌ஷாவிலேயே அசந்து தூங்கும் ஒரு ஆளை எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, 'வறுமை' என்று தலைப்பு வைத்து ஒருவர் போட்டார். நானூறு பேர் ஆஹா என்றார்கள். அந்த ரிக்‌ஷாக்காரரைக் கேட்டாரா என்றால் இல்லை. அவர் பிஹாரிலோ வங்காளத்திலோ வீட்டில், டெல்லியில் நல்ல வேலையில் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நம்மில் எத்தனை பேர் முதல் போஸ்டிங்கில் ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஊருக்கு "நன்றாக இருக்கிறேன்" என்று எழுதியிருப்போம்? பிழைக்க வந்த ஆளின் மானம் என்ன என்று நமக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

நான் கடைப்பிடிப்பது சுலபமான வழி. முதலில் பேசு, பிறகு எடு, எடுத்ததைக் காட்டு, வேண்டாம் என்றால் அழி. பிடித்திருந்தால் ஒரு பிரிண்ட் போட்டுக் கொடு. பத்து, பதினைந்து ரூபாய் ஆகும். எங்கள் தெருமுனையில் கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போடும் அம்மாவுக்கு இப்படி ஒன்று கொடுத்தேன். "பாபுஜி, இன்னொன்று கிடைக்குமா, கிராமத்தில் அம்மாவுக்கு அனுப்பணும்" என்றார். என் படங்களில் கண்ணாடி போட்டு மாட்டப்பட்ட ஒரே படம் அநேகமாக அதுதான்.

பெரிய காடு, புலி, நான்கு லட்ச ரூபாய் லென்ஸ் இருந்தால்தான் படம் என்று நினைக்கும் இளசுகளுக்கு ஒரு வார்த்தை. மா. கிருஷ்ணன் (1912-1996) நம்ம தமிழ் மண்ணின் மனிதர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். உதிரி பாகங்களைச் சேர்த்துத் தானே ஒட்டுப்போட்ட காமிராவில் கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தவர். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் கடைசி வரை 46 வருஷம் பத்தி எழுதினார். காட்டு மிருகங்களோடு கூடவே காக்கை, அணில், ஆடு, வீட்டைச் சுற்றி இருக்கும் ஜீவன்கள் எல்லாவற்றையும் பற்றி அந்தப் பத்தியில் எழுதியவர். நம் பால்கனியிலும் அவை இருக்கின்றன. அவற்றின் விலாசத்தை மறைக்கவும் வேண்டாம்!

அதையும் பிள்ளைகளிடமிருந்து தொடங்குங்கள். டெல்லியிலோ நாக்பூரிலோ வளரும் நம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பெயர் பள்ளிக்கூடத்தில் வரும், ஹிந்திப் பெயர் தெருவில் வரும். செம்போத்து, தையல்சிட்டு, மீன்கொத்தி, கொண்டலாத்தி என்ற பெயர்கள் நாம் சொன்னால்தான் வரும். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் அந்த நாலு நாளில் அங்கே பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது. பிள்ளையோடு கால்மணி நேரம் கொல்லையில் உட்கார்ந்து எண்ணினால் போதும்.

இனிமேல் யாராவது ஆந்தைப் படம் அனுப்பினால் "அருமை" என்று சொல்லுங்கள். எந்த லென்ஸ், என்ன வெளிச்சம், எத்தனை மணி என்று கேளுங்கள். எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள். உங்களை யாராவது கேட்டால், "கணக்குதாரர் விவரம், சொல்வதற்கில்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். நான் அப்படித்தான் சொல்கிறேன். ரெண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள், பரவாயில்லை.