ஒரே ஸ்பீக்கர் போதும்

மாட்டுங்காவில் எங்கள் வீடு இரண்டே அறை. பேரனின் பிளேஸ்டேஷன் 5-க்கு ஒரு ஸ்பீக்கர், நான் கச்சேரி கேட்கும் கம்ப்யூட்டருக்கு இன்னொன்று என்று மகன் வாங்கக் கிளம்பினான். நான் தடுத்துவிட்டேன். இருக்கும் ஒன்றே இரண்டுக்கும் போதும்.

கவைபோல் பிரியும் வயரில் இரண்டையும் சேர்த்துவிடலாம் என்றார் கடைக்காரர். அது தவறு. ஒலியைப் பிரிக்கத்தான் அந்த வயர், சேர்க்க அல்ல. ஒரு கருவியின் சிக்னல் மற்றதற்குள் புகுந்து ஒலி தேயும், கருவிக்கும் நல்லதல்ல.

பிளேஸ்டேஷன் 5-ல் ஆப்டிகல் துளை கிடையாது. அதன் ஒலி எச்.டி.எம்.ஐ. வழியே டி.வி.க்குப் போகிறது. எனவே டி.வி.யின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயர், கம்ப்யூட்டரிலிருந்து ஒரு வயர், நடுவே சின்ன செலக்டர் சுவிட்ச், அதிலிருந்து ஸ்பீக்கர். அவ்வளவுதான், சுவிட்சுக்கு மின்சாரம்கூட வேண்டாம்.

இரண்டும் ஒருசேரக் கேட்க மிக்சர் வேண்டும். எங்களுக்கு அது தேவையில்லை. "தாத்தா, அரைமணி நேரம் எனக்கு" என்று பேரன் கேட்கிறான். தனி ஆவர்த்தனம் முடியட்டும் என்கிறேன். காத்திருக்கிறான், சில நாள் கேட்கவும் செய்கிறான். ஆளுக்கொரு ஸ்பீக்கர் வாங்கியிருந்தால் இந்தப் பேச்சே இருந்திருக்காது.